எலுமிச்சைச் செடி ஒன்று, மண்ணோடு

பிப்ரவரி 19

மரியாதைக்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். இது ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழை கண்டுபிடிப்பதுதான் உங்கள் உத்தியோகம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

நான்கு நாளாக நீங்கள் போன் செய்கிறீர்கள். நான்தான் எடுக்கவில்லை. எடுத்தால் அழுவேன். நான் அழுதால் நீங்களும் அழுவீர்கள். அப்புறம் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லி விஷயம் அமுங்கிப்போகும். அமுங்கக் கூடாது என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

உங்களுக்கென்று நான் கட்டிக்கொடுத்த செடி மூட்டையை அங்கே கொண்டுவந்த மாடி வீட்டு வெல்டர் தம்பி போனில் எல்லாம் சொல்லிவிட்டான். விமானத்தை விட்டு இறங்கிப் பெட்டி எடுக்கிற இடத்தில் ஒரு நாய் அவன் பையை முகர்ந்துவிட்டு அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டதாம். ஆட்கள் வந்து ஒரு நீள மேஜைக்குக் கூட்டிப்போனார்களாம். மேஜைக்கு அந்தப் பக்கம் கையுறையோடு நிற்பது யார் என்று பார்த்தால், எங்கள் வீட்டுச் சுவரில் கல்யாணப் போட்டோவில் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அதே முகம்.

"அக்கா, உங்க நாத்தனார்தான். சத்தியமா அவங்கதான். ஆனா என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கல. மூட்டையை அவிழ்த்தாங்க. மண்ணை ஒரு குச்சியால கிளறிப் பாத்தாங்க. அப்புறம் மஞ்சப் பையில போட்டு உள்ள கொண்டுபோயிட்டாங்க. எரிக்கிறதுக்காம்."

அது வெறும் செடி இல்லை. குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் உங்கள் அண்ணன் வைத்த எலுமிச்சை மரத்தில் நான் பதியம் போட்டு எடுத்த கன்று. மண்ணும் வெறும் மண் இல்லை. போன ஜூலையில் அவர் போனபோது அவர் சாம்பலில் ஒரு பங்கை அந்த மரத்தடியில்தான் போட்டேன். அந்த மண்ணிலேயே கன்றை வைத்துக் கட்டினேன். கூடப் பிறந்த ஒரே தங்கை கடைசி முகம் பார்க்க வரவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள், அவள் வராவிட்டால் என்ன, அவரையே அனுப்பிவைப்போம் என்று அனுப்பினேன்.

ஒரு தடவை நான் எரித்தேன். இரண்டாம் தடவை நீங்கள் எரித்தீர்கள்.

இனி இந்த முகவரிக்கு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் மனைவி


மார்ச் 7

அன்புள்ள அண்ணி,

எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உறையின் பின்பக்கம் உங்கள் முகவரியை வீட்டு எண், தெரு, தபால் எண் வரைக்கும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

பதினெட்டு வருஷத்தில் என்னை நீங்கள் 'வாடி' என்று கூப்பிட்டிருக்கிறீர்கள், 'எருமை' என்று கூப்பிட்டிருக்கிறீர்கள், அண்ணன் வைத்த 'சுண்டெலி' என்ற பெயரில் தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்தியிருக்கிறீர்கள். ஒரு நாள்கூட 'நீங்கள்' என்று சொன்னதில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"தம்பி ஒருத்தன் வருவான், ஒரு சாமான் குடுப்பான், வாங்கிக்கோ" என்று மட்டும்தான் நீங்கள் போனில் சொன்னீர்கள். நான் ஏதோ துணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு மதிய வேலை, திடீரென்று காலைக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் நாய் ஒன்றுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறேன். வேலையைக் காட்டிவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்த பைதான் என் மேஜைக்கு வந்தது.

பக்கத்தில் நின்ற ஆளால் மூட்டையை அவிழ்க்க முடியவில்லை. கத்தியை எடுத்தார். அப்போதுதான் கயிற்றைப் பார்த்தேன். அண்ணனுடைய லோடு முடிச்சு. லாரியில் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது போடுவாரே, இழுக்க இழுக்க இறுகி, சரியான நுனியைப் பிடித்தால் மட்டும் பொலபொலவென்று விட்டுக்கொடுக்கிற முடிச்சு. அதைப் போடத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் போய்விட்டார். ஒருத்தி நான்.

"குடுங்க, நான் அவிழ்க்கிறேன்" என்று வாங்கினேன்.

மண்ணில் சாம்பல் இருந்தது தெரிந்தது. அடுப்புச் சாம்பல், உரத்துக்குப் போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். பதிவேட்டில் எழுதினேன்: 'எலுமிச்சைச் செடி ஒன்று, மண்ணோடு. அழிக்கப்பட்டது.' உங்கள் கடிதம் வந்த அன்று போய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்துதான், அண்ணி. கொஞ்சமும் நடுங்காமல் அழகாக எழுதியிருக்கிறேன்.

இங்கே ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டின வரைக்கும் எலுமிச்சையும் ஆரஞ்சும்தான். செடியில் ஒரு பூச்சி வந்தாலும் போதும், மண்ணில் ஒரு புழு வந்தாலும் போதும், அத்தனை குடும்பத்தின் பிழைப்பும் போய்விடும். அதற்காகத்தான் எங்களை அந்த மேஜையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள். கன்றின் இலை எனக்குச் சரியாகப் படவில்லை. மரத்தில் முற்றின இலை ஒன்றைப் பறித்து நடு நரம்பில் மடித்துப் பாருங்கள். இரண்டு பக்க மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் அநேகமாக உரம் போதவில்லை, அவ்வளவுதான். பொருந்தாமல் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி திட்டுத்திட்டாக இருந்தால் தோட்டக்கலை ஆபீசில் காட்டுங்கள்.

உங்கள்
சுண்டெலி


மார்ச் 24

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். மரத்தைப் போய்ப் பார்க்கவில்லை. மனுஷன் போய் எட்டு மாதம் ஆகிறது, அவர் வைத்த மரத்துக்கும் நோய்ப்பட்டம் கட்டியாகிவிட்டது. நல்லது.

வெல்டர் தம்பியின் பெயரை ஏதோ பட்டியலில் ஏற்றிவிட்டார்களாம். இனி அவன் எங்கே பறந்தாலும் பையைக் கொட்டிப் பார்ப்பார்களாம். "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டபோது "துணி" என்று சொன்னானே, அது நான் சொல்லிக்கொடுத்தது. அவன் அம்மா என்னோடு பேசுவதில்லை. நான் தலைக்குச் சோப்புப் போடுகிற நேரம் பார்த்து மாடியிலிருந்து மோட்டாரை நிறுத்துகிறாள். கண் எரிய எரிய நிற்கிறேன். அது என் தப்பு, அனுபவிக்கிறேன்.

உங்கள் தப்புக்கு வருகிறேன். நானும் பிழை பார்க்கிற வேலைக்காரிதான். துணிக் கம்பெனியில் ஒரு நாளைக்கு அறுநூறு சட்டைக்கு நூல் பிசிறு வெட்டுகிறேன். ஒரு பொட்டுக் கறை இருந்தால், தைத்தவள் என் கூடப் பிறந்தவளாக இருந்தாலும் கழிவுக் கூடையில்தான் போடுவேன். அதனால் நீங்கள் செடியை எடுத்துப் போட்டது எனக்குப் புரியாமல் இல்லை. நாலு நாள் அழுதேன், அஞ்சாம் நாள் புரிந்துவிட்டது.

ஆனால் முடிச்சு தெரிந்தது என்கிறாய். முடிச்சு தெரிந்தால் ஆள் தெரிந்தது என்றுதானே அர்த்தம். "இது எங்க வீட்டு மூட்டை" என்று ஒரு வார்த்தை சொன்னாயா? அந்தப் பையன் முழித்துக்கொண்டு நின்றானே, அவனைப் பார்த்துக் கண்ணையாவது சிமிட்டினாயா? யாரோ எவரோ மாதிரி நின்றிருக்கிறாய். செடியை மறந்துவிடுவேன். அதை மறக்க மாட்டேன்.

முதலில் 'நீங்கள்' என்றுதான் எழுதிக்கொண்டு வந்தேன். நடுவில் தவறிவிட்டது. வேறு தாள் இல்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணி,

தாள் தீர்ந்துபோனதற்கு நன்றி.

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. எங்கள் விதியிலேயே இருக்கிறது. சொந்தக்காரர் சாமான் வந்தால் வாயைத் திறந்து சொல்லிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், வேறு ஆள்தான் பார்க்க வேண்டும். நான் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், செடி கடத்துகிற வீட்டுப் பெண் என்று பேசுவார்கள் என்று பயம். அந்தப் பயத்துக்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது. வேறு ஆள் கத்தியால் கயிற்றை அறுப்பதைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் முடிச்சை அண்ணன் தங்கைதான் அவிழ்க்க வேண்டும் என்று இருந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன், அவரும் தமிழர்தான். "சார், பிப்ரவரியில வந்த எலுமிச்சை எங்க வீட்டுது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வேலை. இப்ப நான் ரெண்டு பக்கம் எழுதணும், நீங்க ரெண்டு பக்கம் எழுதணும்" என்றார். எழுதினோம். ஒரு மாதம் மேஜைப் பக்கமே வரக் கூடாது என்று நாய்களைக் குளிப்பாட்டுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். மேஸ்திரிக்கு முதுகு தேய்த்துவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு நன்றாக அனுபவிக்கிறது. வெல்டர் தம்பிக்காகவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பை கட்டினது அவன் இல்லை, உள்ளே என்ன என்று அவனுக்குத் தெரியாது என்று. பட்டியலிலிருந்து எடுப்பார்களா தெரியாது. பார்ப்பதாகச் சொன்னார்கள்.

ஒன்றைச் சொன்ன பிறகு மற்றதையும் சொல்லிவிடத் தோன்றுகிறது.

ஜூலையில் எனக்கு டிக்கெட் கிடைத்தது, அண்ணி. கிடைக்கவில்லை என்றது பொய். பெட்டியோடு ஏர்போர்ட் வந்தேன். நான் தினமும் வேலை பார்க்கிற கட்டடம்தான். பயணிகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்புறம் என் பெயரைத் தனியாகச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார்கள். கால் எழும்பவில்லை. நான் வந்து பார்க்காத வரைக்கும் அண்ணன் எங்கேயோ லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் என்றே இருந்துவிடலாம் என்று மனசு சொன்னது. விமானம் போனதும் எழுந்து வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தேன். அடுக்கினதெல்லாம் அடுக்கினபடியே இருந்தது.

இதற்கு நீங்கள் மறுபடி 'நீங்கள்' என்று எழுதினாலும் வாங்கிக்கொள்வேன்.

சுண்டெலி


மே 3

அடியே,

உன் கடிதத்தைக் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். படித்துவிட்டுப் பதினோரு சட்டைக்குப் பிசிறு வெட்டாமலே அனுப்பியிருக்கிறேன். சூப்பர்வைசர் வாயில் வந்ததை எல்லாம் திட்டினார். எதுவும் காதில் ஏறவில்லை.

நானும் ஒன்று சொல்கிறேன். 'கடைசியாக முகம் பார்த்தேன், தூங்குகிற மாதிரி இருந்தது' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அல்லவா. நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கினபோது கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் அம்மா என் கையைப் பிடித்தபடி, "பாத்துட்டீங்களாம்மா?" என்றாள். "பாத்துட்டேன்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய், நான் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் பார்க்கவில்லை. இதில் யார் யாரைத் திட்டுவது?

மரத்தைப் பார்த்தேன். உன் மேல் கோபம் போனதும் முதல் வேலையாகப் போய் இலையைப் பறித்து மடித்தேன். பொருந்தவில்லை. இன்னொன்று பறித்தேன். அதுவும் இல்லை. பத்து இலை மடித்தேன், பத்தும் ஒன்றுக்கொன்று விரோதம். பழம் இரண்டு வருஷமாகவே கோணலாகத்தான் காய்த்தது, அடிப்பக்கம் பழுக்காமல் பச்சையாகவே நிற்கும். நான் சொன்னதற்கு உன் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "பழம் கோணலா இருந்தா என்னடி, சாறு நேரா வருதா பாரு" என்றார்.

தோட்டக்கலை ஆபீசிலிருந்து ஒரு சின்ன வயசு அம்மா ஸ்கூட்டரில் வந்தாள். பூதக்கண்ணாடி வைத்துக் கொழுந்தைப் பார்த்தாள். இலையைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். நேற்று முடிவோடு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

"இதுக்கு மருந்து இல்லைம்மா. மரத்தை எடுத்துடணும். இதுல இருக்கிற பூச்சி பறந்து போய் அடுத்த மரத்துல உக்காந்தா அதுவும் போச்சு" என்றாள்.

பின்வீட்டு டெய்லருக்கு நாலு எலுமிச்சை மரம் இருக்கிறது. தையல் வேலை இல்லாத மாதத்தில் அந்தப் பழத்தை விற்றுத்தான் அவர் வாடகை கொடுக்கிறார். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். இலை பச்சைப்பசேல் என்று இருக்கிறது. இதுவரைக்கும் தப்பித்திருக்கிறது.

அந்தக் கன்று உன் மேஜையில் நிற்காமல் வெளியே போயிருந்தால் உன் ஊரில் எத்தனை டெய்லருக்கு வாடகை போயிருக்குமோ. நீ பிடித்தது நல்லதுதான் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதிவிட்டேன், பார்.

இப்போது நீ சொல்லு. அது உன் அண்ணன் வைத்த மரம். அடியில் அவர் இருக்கிறார். உன்னைக் கேட்காமல் நான் கோடாலி எடுக்க மாட்டேன். வெட்டட்டுமா?

அண்ணி


மே 21

அன்புள்ள அண்ணி,

வெட்டுங்கள்.

இந்த ஒரு வார்த்தையை எழுத மூன்று நாள் ஆயிற்று. அண்ணன் இருந்திருந்தால் அவரே வெட்டியிருப்பார். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் பாதி வழியில் வண்டியை நிறுத்தி அத்தனையையும் இறக்கி மறுபடி ஏற்றுகிற ஆள் அவர். அடுத்தவர் மரத்துக்குக் கெடுதல் என்று தெரிந்தால் ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்.

மரம்தான் போகிறது, அண்ணி. மண் அங்கேயேதான் இருக்கப் போகிறது. அவரை எங்கேயும் அனுப்ப வேண்டாம். அவர் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். நீங்கள் வாருங்கள். இங்கே என்னோடு ஒரு மாதம், மூன்று மாதம், எவ்வளவு நாள் முடிகிறதோ அவ்வளவு நாள். எனக்கு இரண்டு அறை வீடு. ஒரு அறையில் நான் படுக்கிறேன், இன்னொன்றில் இஸ்திரி போடாத துணி படுத்திருக்கிறது. அதை எழுப்பிவிடுகிறேன். நீங்கள் திரும்பிப் போகும்போது உங்களோடு நான் அங்கே வருகிறேன். இந்தத் தடவை பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள், கூப்பிட்டால் எழுந்துவிடுவேன்.

மேஜைக்கு என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வெல்டர் தம்பியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. அவன் அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், சோப்பு கண்ணில் போகாமல் குளிக்கலாம்.

சுண்டெலி


ஜூன் 30

சுண்டெலிக்கு,

மோட்டார் ஓடுகிறது. நன்றாகக் குளிக்கிறேன்.

மரம் போய்விட்டது. முதலில் மருந்து அடித்துப் பூச்சியைக் கொன்றுவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று அந்த ஸ்கூட்டர் அம்மா சொன்னாள், அப்படியே செய்தோம். வெட்ட ஆள் கூப்பிடலாம் என்றிருந்தேன். டெய்லர் வேலி தாண்டி வந்து, "உங்க மரம் என் மரத்துக்காகப் போகுது. கூலிக்கு ஆள் எதுக்கும்மா" என்று தானே கோடாலியை வாங்கிக்கொண்டார். கத்திரி பிடித்த கை, கோடாலி நிற்கவில்லை. மாடி வீட்டம்மா ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "இப்படி வெட்டினா மரம் சிரிச்சே செத்துடும்" என்று இறங்கி வந்தாள். மகன் அங்கே இரும்பு வெட்டுகிறான், அம்மா இங்கே மரம் வெட்டினாள். மூன்று பேருமாகச் சாய்த்தோம். சாய்ந்தபோது எலுமிச்சை வாசம் தெரு முழுக்க நின்றது. நான் வீட்டுக்குள் ஓடிப்போகவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

வேரைத் தோண்டி எடுக்கும்போது மண்ணை ஒரு பிடிகூட வெளியே போகவிடவில்லை. குழியிலேயே தள்ளி மூடினேன். அந்த இடத்தில் கொய்யா வைக்கச் சொன்னார்கள், இந்த நோய் அதற்கு வராதாம். ஆபீசிலேயே ஒரு கன்று கொடுத்தார்கள். முழங்கால் உயரம். நாலு இலை. நான் வேலைக்குப் போகும்போது, "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறேன். செடிக்கா அவருக்கா என்று என்னைக் கேட்காதே.

அடிமரத்தில் ஒரு முழத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். கட்டில் பட்டறைக்காரரிடம் கொடுத்தேன். "எலுமிச்சைக் கட்டை கல்லு மாதிரிங்க. உளி மழுங்குது" என்று திட்டிக்கொண்டே ஒரு மரக்கரண்டி செய்து கொடுத்தார். மஞ்சள் கலந்த வெள்ளை நிறம். கைப்பிடி கொஞ்சம் கோணல். பழமே கோணல், மரம் மட்டும் நேராகவா இருக்கும்.

நான் வருகிறேன். சூப்பர்வைசரிடம் லீவு கேட்டுவிட்டேன். பிசிறோடு போன பதினோரு சட்டையை ஞாபகப்படுத்தினார். ஆனாலும் கொடுத்தார்.

இந்தக் கரண்டியைக் கொண்டுவரலாமா? சட்டத்தைப் பார்த்துச் சொல். இந்தத் தடவை கேட்காமல் ஒன்றும் கட்ட மாட்டேன்.

அண்ணி


ஜூலை 18

அன்புள்ள அண்ணி,

இன்றைக்கு அண்ணன் போய் ஒரு வருஷம். காலையில் வேலைக்குப் போகும் முன்னால் நீங்கள் சொன்ன மாதிரியே, "போயிட்டு வரேண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கரண்டி கொண்டுவரலாம். மேலதிகாரியையே கேட்டுவிட்டேன். பட்டை ஒரு நகக்கண் அளவுகூட ஒட்டியிருக்கக் கூடாது. பூச்சித் துளை இருக்கக் கூடாது. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வருகிற வரைக்கும் வெயிலில் வையுங்கள்.

பழம், செடி, மண் வேண்டாம். விதையும் வேண்டாம், ஒன்றே ஒன்றுதானே என்று புடவை முந்தியில் முடிந்துகொண்டு வராதீர்கள், உங்களை எனக்குத் தெரியும். செருப்பின் அடியைக் கழுவிக் காயவைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், அடியில் ஒட்டின மண்ணும் மண்தான். விமானத்தில் ஆப்பிள் கொடுத்தால் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். பைக்குள் போட்டு மறந்துவிட்டால் மேஸ்திரி வந்து உட்கார்ந்துவிடும்.

முக்கியமானது இதுதான். இறங்குவதற்கு முன்னால் ஒரு படிவம் கொடுப்பார்கள், தமிழிலும் இருக்கும். மரச்சாமான் இருக்கிறதா என்று கேட்டிருக்கும். 'ஆம்' என்பதில் குறி போடுங்கள். சொல்லிவிட்டால், கூடாத சாமானாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான், தண்டனை கிடையாது. சொல்லாமல் வைத்திருந்தால்தான் வம்பு. இது மரச்சாமானுக்கு மட்டும் இல்லை என்று இந்த வருஷம் எனக்குப் புரிந்திருக்கிறது.

உங்கள் பையை நான் தொடக் கூடாது, தமிழ் தெரிந்த வேறு ஆள் பார்ப்பார். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன், 'அன்று வருகிறவர் என் அண்ணி' என்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் நிற்பேன். தெரியாத மாதிரி நிற்க மாட்டேன். கையைத் தூக்கி ஆட்டுவேன், கட்டடமே பார்க்கட்டும்.

சுண்டெலி


செப்டம்பர் 9, விமானத்தில்

சுண்டெலிக்கு,

இதை உன் கையிலேயே கொடுக்கப் போகிறேன், ஆனாலும் எழுதிப் பழகிவிட்டது.

நேற்று செருப்பைப் பழைய பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். இரண்டு செருப்பிலும் நம் வீட்டு மண். கழுவின தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. கொய்யாக் கன்றின் அடியிலேயே ஊற்றினேன். இப்போது ஒன்பது இலை. மாடி வீட்டம்மா தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஆப்பிள் கொடுத்தார்கள். காம்பைத் தவிர எல்லாவற்றையும் தின்றுவிட்டேன், விதை உட்பட. பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

படிவம் வந்தது. "நான் எழுதித் தரட்டுமாம்மா?" என்று பணிப்பெண் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. செடி: இல்லை. பழம்: இல்லை. மண்: இல்லை. இந்த இடத்தில் செருப்பைக் கழற்றி அடியை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். அப்புறம் மரச்சாமான் வந்தது. 'ஆம்' என்ற கட்டத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் குறி போட்டேன்.

தரை தெரிகிறது. எல்லாம் பச்சை வரிவரியாக இருக்கிறது. அதெல்லாம் எலுமிச்சையா?

அண்ணி


செப்டம்பர் 9, பயணிகள் வருகிற கூடத்தில். துண்டுச் சீட்டு

அண்ணி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பாருங்கள். இன்னும் வலது பக்கம். அதோ, கையை ஆட்டுவது நான்தான். இந்தச் சீட்டை மேலதிகாரி படித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் தருகிறார், அதனால் அவரைப் பற்றி நல்லதாக எழுதுகிறேன், மிகவும் நல்ல மனிதர். இளைத்துப்போய்விட்டீர்கள். அழாதீர்கள், நான் அழவில்லை. பையைப் பார்க்கிற ஆள் கத்தியைத் தேடுகிறார் போலிருக்கிறது. அந்த முடிச்சை அவரால் அவிழ்க்க முடியாது. நீங்களே அவிழ்த்துவிடுங்கள்.


அதே சீட்டின் பின்பக்கம்

பார்த்துவிட்டேன். நீ அழுகிறாய், கண்ணாடி வழியாகவே தெரிகிறது. முடிச்சை நான்தான் அவிழ்த்தேன். கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துக் கைப்பிடியைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "என்ன மரம்மா இது?" என்றார். "எலுமிச்சை. என் வீட்டுக்காரர் வச்சது. நோய் வந்துச்சு, வெட்டிட்டோம்" என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். முத்திரை குத்திவிட்டு, "எடுத்துக்கிட்டுப் போலாம்மா" என்றார். நான் போகலாம். ஆனால் அந்த மனுஷன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். "இது என்ன முடிச்சும்மா, எப்படிப் போடுறது?" என்று கேட்கிறார். இரண்டு தடவை போட்டுக் காட்டிவிட்டேன், இன்னும் வரவில்லை. மூன்றாம் தடவை அவரே போடுகிறார். நுனியைத் தப்பாகப் பிடித்திருக்கிறார். சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறேன். அங்கேயே நில்லுடி.